முந்நூற்று இரண்டு டெராபைட்

உங்கள் அறைக் குளிரூட்டியின் விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். பயப்பட ஒன்றுமில்லை. இந்தச் சத்தத்தோடு இன்னும் இரண்டு மாதம் ஓடும். அதிகப்பிரசங்கம் என்று நினைக்காதீர்கள். ஒரு பொருள் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை.

பெயர் தியோ சியூ இம், எல்லாரும் இம் என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. பாயான் லெப்பாஸில் கணினிக்கான டிரைவ் செய்யும் தொழிற்சாலையில் ஆயுள் சோதனைக் கூடம் என் பொறுப்பு. நடந்ததைக் ‘கவனக்குறைவு’ என்று எழுதித் தரச் சொல்கிறார் என் வக்கீல். அது வேண்டாம். எந்த வேலையிலும் நான் கவனக்குறைவாக இருந்ததில்லை. நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன்.

எஸ்.எஸ்.டி. என்கிற டிரைவில் சுழலும் தட்டு எதுவும் கிடையாது. எல்லாம் சில்லுகள். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு கொஞ்சம் தேயும், துலக்கித் துலக்கிப் பாத்திரத்தில் ஈயம் போவதைப் போல. எங்கள் கூடத்தில் டிரைவ்களை வரிசையாகச் செருகி, முழுக்க எழுதுவோம். எழுதியது சரியாக இருக்கிறதா என்று படிப்போம். அழிப்போம். மறுபடி எழுதுவோம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் எதற்கும் நிறுத்துவதில்லை. ஐந்து மாதம் ஆகும், சில சமயம் எட்டு. ஒன்று செத்ததும், எத்தனை டெராபைட் எழுதிவிட்டுச் செத்தது என்று நோட்டில் குறிப்பேன். கணினியிலும் பதிவாகும்தான். ஆனால் அந்தப் பதிவும் ஒரு டிரைவில்தானே இருக்கிறது.

என்னோடு பதினான்கு வருடமாக இருந்தவர் நொர்மா அக்கா. டிரைவைச் செருகுவது, சூடு பார்ப்பது, செத்ததைக் கழற்றுவது எல்லாம் அவர். கழற்றும்போது ஒவ்வொன்றையும் ‘போய் வா’ என்று சொல்லி அனுப்புவார். காலையில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், இரண்டு பொட்டலம் கொண்டுவருவார். என்னுடையதில் மிளகாய்ச் சம்பால் குறைவாக இருக்கும். எனக்கு வயிற்றுப் புண் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அவர் மறக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு புதிய மாடல் வந்தது. மலிவான சில்லு. பெட்டியில் ‘அறுநூறு டெராபைட் எழுதும்வரை தாங்கும்’ என்று அச்சிட முடிவு செய்திருந்தார்கள். நான் நாற்பது டிரைவ்களை எடுத்துச் சாகும்வரை ஓட்டினேன். முதலாவது இருநூற்றுத் தொண்ணூற்றாறில் போனது. கடைசி, முந்நூற்றுப் பத்தில். சராசரி முந்நூற்று இரண்டு. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மீதி ஆயுள் எவ்வளவு என்று தானே சொல்லும் வசதி எல்லா டிரைவிலும் உண்டு. இந்த மாடல் அறுநூறை வைத்தே கணக்குப் போட்டது. அதனால் சாகிற நிமிடத்தில்கூட ‘பாதி ஆயுள் மிச்சம்’ என்று காட்டிக்கொண்டிருந்தது.

அறிக்கை கொடுத்தேன். எங்கள் மேலாளர் குவா பூன் லெங் அதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் புரட்டிப் பார்த்தார்.

"யாரு, இம், இப்படி ராவும் பகலும் நிறுத்தாம எழுதுவா? வீட்ல படம் பாக்கறவன் பத்து வருஷம் வச்சிருந்தாலும் அம்பதைத் தாண்டமாட்டான். நீ பண்றது சோதனை இல்ல, சித்திரவதை."

"அறுநூறுன்னு போட்டா, அறுநூறு எழுதறவன் ஒருத்தன் வாங்குவான், பாஸ்."

"அப்ப அவனைக் கூட்டிட்டு வா. பாத்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சோதனையை நூற்றைம்பதில் நிறுத்தி, அதுவரை ஒன்றும் சாகவில்லை என்பதால் நான்கால் பெருக்கி, வேறொருவரின் கையெழுத்தில் அறுநூறு வந்தது. பெட்டிகள் அச்சாகின. அந்த வருட விருந்தில் குவா என்னை மேடைக்கு அழைத்து, உள்ளங்கை அளவில் ஒரு சவப்பெட்டி பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார். உள்ளே செத்த டிரைவ் ஒன்று. ஒலிபெருக்கியில் சொன்னார்: "நம்ம இம் கையில ஒண்ணு சிக்குச்சுன்னா, சாகற வரைக்கும் விடமாட்டா. அவ புருஷன் எப்படி இன்னும் உயிரோட இருக்காருன்னு தெரியல." மேசையில் உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்தார். நான் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால், அதுவும் தவறு. கோபம் அந்த வாரத்தோடு போய்விட்டது. கேள்வி போகவில்லை. அறுநூறு எழுதறவனைக் கூட்டிவரச் சொன்னார். கூட்டிவந்தேன்.

பிப்ரவரியில் யாப் தொலைபேசியில் கூப்பிட்டான். மருத்துவமனைகளுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கிறவன், நல்ல பையன் என்று சொல்லும் வயது தாண்டியவன், நாணயமானவன். இருதய சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பதினாறு படுக்கைகள். ஒவ்வொரு நோயாளியின் துடிப்புக் கோடும், படுக்கைக்கு மேலுள்ள கேமராவின் படமும், தாதியர் மேசையிலுள்ள ஒரே கணினிக்கு வந்து இடைவிடாமல் பதிவாகும். யாராவது ஒருவரின் துடிப்பு தடுமாறினால் அந்த மேசையில்தான் மணி அடிக்கும். நாளொன்றுக்கு ஒன்றேகால் டெராபைட் எழுத வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே முந்நூற்று இரண்டை அதனால் மனதுக்குள் வகுத்துவிட்டேன். இருநூற்று நாற்பது நாள்.

"அக்கா, பெட்டில அறுநூறுன்னு இருக்கு. நம்பலாமா?"

"அது கம்பெனி சொல்ற எண், யாப்."

"அது தெரியும். உங்க எண் என்ன?"

பத்தொன்பது வருடத்தில் அப்படிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். நான் "அதேதான்" என்றேன்.

பொய்தான். யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் வேறு டிரைவ் வாங்கியிருப்பான். ஒரு மருத்துவமனை தப்பித்திருக்கும். அதற்குள் நாற்பதாயிரம் டிரைவ்கள் வெளியே போயிருந்தன. எங்கே, எந்த இயந்திரத்துக்குள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ‘பாதி ஆயுள் மிச்சம்’ என்று சொல்லிக்கொண்டே சாகும். என் நாற்பது பிணங்களை யாரும் நம்பவில்லை. வெளியில், ஊர் பார்க்க, ஒன்று சாக வேண்டியிருந்தது. ஒன்றுக்கு நாற்பதாயிரம். இந்தக் கணக்கில் பிழை எங்கே என்று எனக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

அவன் இன்னொன்றும் கேட்டான். ஒன்று போனால் மற்றொன்று தாங்கட்டும் என்று இரண்டு டிரைவ்களில் ஒரே சமயத்தில் பதிவு செய்யும் ஏற்பாடு அது. இரண்டாவதை வேறு கம்பெனியில் வாங்கலாமா என்றான். "ஒரே ஜோடியா போடு, ஒத்துப்போகும்" என்றேன். ஒரே மாடல் இரண்டும் ஒரே அளவு எழுதினால் ஒன்றையொன்று காப்பாற்றாது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே நேரத்தில் படுக்கும். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. யாப்பும் சொல்லியிருக்கமாட்டான், பாவம், அவனுக்கு இப்போதும் விளங்கியிருக்காது. நானாகத்தான் சொல்கிறேன்.

மார்ச் மூன்றாம் தேதி பொருத்தினார்கள். நோட்டில் ஒரு புதிய பக்கம் எடுத்து நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண் போட்டேன். அக்டோபர் இருபத்து நான்கிலிருந்து நவம்பர் ஐந்துக்குள் என்று எழுதினேன்.

அக்டோபர் நடுவில் நொர்மா அக்காவின் கணவர் ஹாஷிம் அண்ணனுக்கு நெஞ்சுவலி. படகுத்துறையில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். அறுவை சிகிச்சை இருபத்தேழாம் தேதி என்று முடிவாயிற்று. எந்த மருத்துவமனை என்று நான் கேட்டேன். நொர்மா அக்கா சொன்ன பெயர் என் நோட்டில் இருந்த பெயர்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் அவர் அங்கேயே ஓடுவார், அவர் சுபாவம் அது. டிரைவைக் கழற்றிவிடுவார்கள். இருநூற்று இருபத்தாறு நாள் சோதனை பாதியில் நின்றுவிடும். மேலும், பதினாறு படுக்கை. எந்த நிமிடத்தில் போகும் என்று தெரியாது. போகிற நிமிடத்தில் யாருக்காவது துடிப்புத் தடுமாற வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அநேகமாக ஒன்றும் ஆகாது. ஒரு கணினி உறையும், ஒரு புகார் எழுதுவார்கள், அந்தப் புகார் எனக்குப் போதும். நான் எதிர்பார்த்தது அவ்வளவே.

முப்பதாம் தேதி மாலை பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். ஹாஷிம் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தையல் பிரியாமலிருக்க ஒரு சிறிய தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, கோப்பி கேட்டுத் தாதியரோடு தகராறு செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எது எத்தனை நாள் தாங்கும்னு கரெக்டா சொல்லுவியாமே இம், நான் எத்தனை நாள்?" என்றார். சிரித்துவிட்டு, சிரித்ததால் வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். நொர்மா அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அஸர் தொழுகை நேரம்.

"கொஞ்சம் அவரைப் பாத்துக்க இம். தொழுதுட்டு ஓடியாந்திடறேன்."

நாற்காலியைப் படுக்கையைச் சுற்றிய திரைச்சீலைக்கு வெளியே கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து தாதியர் மேசை தெரியும். மேசைக் கணினியின் திரையில் பதினாறு பச்சைக் கோடுகள், மூலையில் நேரம். நான்கு நாற்பத்தொன்றுக்கு அந்த நேரம் மாறுவது நின்றது. கோடுகளும் நின்றன. அணைந்துபோகவில்லை. அழகாக, ஒழுங்காக, எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்கிற படமாக நின்றன. ஒரு தாதி மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தொலைபேசியில். இருவரும் அவ்வப்போது திரையைப் பார்த்துத் திருப்தியோடு குனிந்துகொண்டார்கள். படுக்கையருகே உள்ள கருவிகளின் சத்தத்தை, நோயாளிகள் தூங்கட்டும் என்று குறைத்து வைத்திருந்தார்கள்.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து நோட்டைத் திறந்தேன். ஒரு டிரைவ் சாவதை மட்டுமல்ல, அது செத்ததை மனிதர்கள் கண்டுகொள்ள எவ்வளவு நேரமாகிறது என்பதையும் அளந்தவர்கள் என் துறையில் யாரும் இல்லை. பதினொரு நிமிடம், இருபது விநாடி. சொட்டு மருந்துப் புட்டி மாற்ற வந்த தாதி ஹாஷிம் அண்ணனின் திரைச்சீலையை விலக்கியபோதுதான் அவர் துடிப்பு நின்றிருப்பது தெரிந்தது. பிறகு எல்லாரும் ஓடினார்கள். நொர்மா அக்கா ஈர முகத்தோடு திரும்பி வந்தபோது அவரை உள்ளே விடவில்லை.

ஒன்பதே நாளில் கம்பெனி அந்த மாடலை முழுவதும் திரும்ப அழைத்தது. குவா ராஜினாமா செய்தார். விசாரணைக் குழு என்னை அழைத்து எண்ணைக் கேட்டது. எழுந்து நின்று முந்நூற்று இரண்டு என்றேன். மருத்துவமனை டிரைவ்கள் முந்நூற்று ஒன்றரையில் போயிருந்தன. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. வெளிச் சான்று வேண்டும் என்றார்கள். நோட்டைக் கொடுத்தேன். பொருத்திய தேதி, தினசரி எழுத்து, நின்ற நிமிடம் எல்லாம் எப்படி உங்களிடம் இருக்கிறது என்று அவர்களில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். அப்படித்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒளித்து வைத்திருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டீர்கள்.

நாற்பதாயிரம் டிரைவ்கள் கழற்றப்பட்டுவிட்டன. ரயில் சமிக்ஞைகளிலிருந்து, இன்னும் பல மருத்துவமனைகளிலிருந்து. அவற்றால் யாரும் இனிச் சாகப்போவதில்லை. தப்பியவர்களில் ஒருவரும் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. அறுநூறு என்று அச்சிட்டவர் வெளியே இருக்கிறார். சரியான எண்ணைச் சொன்னவள் உள்ளே. அது உங்கள் சட்டம். ஆனால் வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் சேர்க்கமாட்டேன்.

ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் நொர்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீ பக்கத்துலதானே இருந்த, இம். அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல அக்கா. தூங்கிட்டே போய்ட்டாரு."

அது அவருக்காகச் சொன்னது. வாக்குமூலத்தில் சரியானது இருக்கட்டும். அவர் தூங்கவில்லை. என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். நான்கு நாற்பத்து நான்குக்கு ஒரு முறை, நாற்பத்தாறுக்கு ஒரு முறை. இரண்டையும் நேரத்தோடு குறித்திருக்கிறேன்.