சுற்றுவழி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் ஒத்துக்கொள்வதில்லை, அய்யா. யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து வேறு இடம் போய்விடுவேன். அந்த வகையில் இந்த அறை எனக்கு வசதிதான். ஜன்னலுக்கு வெளியே புளியமரம், உள்ளே மெதுவாகப் பேசும் நீங்கள். நிதானமாகச் சொல்கிறேன். குமாஸ்தா ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. கோயமுத்தூரில் தானிய மண்டி வைத்திருக்கிறேன். ஆனால் மண்டிக்காரன் என்பதைவிட, சிக்கல் தீர்க்கிறவன் என்றுதான் என்னைப் பலருக்கும் தெரியும். கருமத்தம்பட்டியில் ஒருவர் பஞ்சு அரைக்கும் ஆலைக்குப் பெரிய இன்ஜின் வாங்கி வந்தார். ஆள் உயரப் பள்ளத்தில் அதை இறக்க வேண்டும். சங்கிலி அறுந்தது, மரம் முறிந்தது, ஒருவனுக்குக் கால் போனது. என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளத்தை முழுக்க மணலால் நிரப்பச் சொன்னேன். இன்ஜினை மணல்மேல் உருட்டி நிறுத்திவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மணலை அள்ளினோம். இன்ஜின் தானாகவே உட்கார்ந்தது. எப்படித் தூக்குவது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கவே வேண்டியதில்லை என்பது எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்கிறேன். மைத்துனன் மயில்சாமி வைத்திருந்த காங்கேயம் ஜோடியில் ஒரு காளை, பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அடிப்பான், வாலைக் கடிப்பான். அசையாது. நான் படுத்த மாட்டைத் தொடவில்லை. அதன் ஜோடியை அவிழ்த்துக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்க் கண்ணில் சுண்ணாம்பு தடவினேன். அது கதறியதும் இது எழுந்து ஓடி வந்தது. பிறகு எப்போதும் படுத்ததில்லை. அந்த இன்னொரு மாட்டுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். வண்டி இழுப்பதற்கு அது போதும்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனையில் எங்கள் அப்பா கட்டிய ஓட்டு வீடு. வலது பாதி எனக்கு, இடது பாதி அண்ணன் அப்புசாமிக்கு, நடுவில் பொதுவாக ஒரு கூடம். அண்ணன் இறந்தபின் அந்தப் பாதியில் அவர் மனைவி சாமியாத்தாளும் மகள் மாரியாத்தாளும் இருந்தார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையா நல்ல மனுஷி. பலகாரம் செய்தால் முதலில் என் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

நீலகிரியில் பைக்காரா மின் நிலையத்திலிருந்து கரண்ட் எங்கள் தெருவுக்கு வந்த சமயம் அது. தெருமுனையில் மாவு மில் வைத்தால் மூன்று தலைமுறைக்குக் கவலையில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு வீடு முழுசாக வேண்டும். மயில்சாமி கோர்ட்டுக்குப் போகச் சொன்னான். மண்டிக்கு வருகிற ஒருவர், நாலு ஆளை அனுப்பி மிரட்டலாம் என்றார். இரண்டும் சத்தம். நங்கையாவை எப்படி வெளியே அனுப்புவது என்று அவர்கள் யோசித்தார்கள். நான், வீடே அவர்களை எப்படி அனுப்பும் என்று யோசித்தேன்.

அந்த வருஷம் ஊரில் ப்ளேக் மறுபடி தலைகாட்டியிருந்தது. நடைமுறை உங்களுக்குத் தெரியும். எலி செத்து விழுந்தால் முனிசிபாலிட்டிக்குச் சொல்ல வேண்டும். ஓட்டைப் பிரித்து மருந்தடித்து, வீட்டிலுள்ளவர்களை ஊருக்கு வெளியே தட்டிக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே பாஷாணம் வைத்து ஒரு எலியைக் கொன்று, நங்கையாவின் அடுப்படி வாசலில் போட்டேன். காலையில் அவர்கள் போட்ட கூச்சல் எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் அப்துல் மஜீத் வந்தார். இடுக்கியால் எலியை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவரே வந்து, "இது பாஷாணம் தின்னு செத்த எலிங்கம்மா. பயப்படாதீங்க. ஆனா ஊரு கெட்டுக் கெடக்குது, எல்லாரும் ஊசி போட்டுக்குங்க" என்று சொன்னார். பொறுப்பான மனிதர். வாசலில் நின்று என்னிடம் நிறையப் பேசினார். எலி செத்து உடம்பு ஆறியதும் அதன்மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பைத் தேடிப் போகும், அது கடிப்பதில்தான் நோய் வருகிறது, அதனால் செத்த எலியின் பக்கத்திலேயே போகக்கூடாது என்று விளக்கினார். எச்சரிக்கையாகத்தான் சொன்னார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் போனபின் நான் என் யோசனையிலிருந்த ஓட்டையைப் பார்த்தேன். நிஜமான எலியே விழுந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? கொட்டகைக்குப் போவார்கள். மருந்து வாடை போனதும் திரும்பி வருவார்கள். வீட்டைக் காலி செய்கிறவர்களால் எனக்குப் பயனில்லை. திரும்பி வர மனசு வராதவர்கள்தான் எனக்கு வேண்டும்.

நான் ஊசி போட்டுக்கொண்டேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போடவைத்து, அவர்களைக் காங்கேயத்துக்கு அவள் தாய்வீட்டுக்கு அனுப்பினேன். ஊசி உடம்பில் பிடிக்கச் சில நாள் ஆகும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். காத்திருந்தேன். எனக்கு அவசரம் என்பதே கிடையாது.

அந்த நாட்களில்தான் நங்கையா ஒருநாள் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"ஏனுங்க கொழுந்தனாரே, ஊசி போட்டுக்கோணும்னு அந்தப் பாய் சொல்லீட்டுப் போனாருங்களே. நாங்களும் போட்டுக்கலாங்களா?"

மாரியாத்தாளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சோமனூர் மாப்பிள்ளை. தறி வைத்திருக்கிற குடும்பம், தாயில்லாத பையன்.

"போட்டாக் காய்ச்சல் வருமுங்க நங்கையா. கையி வீங்கிப்போகும். முகூர்த்தம் நெருங்குதுங்களே, புள்ளை வாடிப்போயிருமேன்னு பாக்கறேன். அப்பறம் உங்க இஷ்டமுங்க" என்றேன்.

"அதும் சரிதானுங்க. நீங்க சொன்னாப் போதுமுங்க" என்று முறத்தைக் கீழே வைத்தார்கள்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஊசி போட்டால் காய்ச்சல் வரும். எனக்கும் வந்தது.

எலிக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. என் மண்டியிலேயே விழ ஆரம்பித்தன. கம்பு மூட்டைகளுக்கு இடையில், தள்ளாடி வந்து கண்முன்னால் சுருண்டு விழுந்தன. மூட்டை தூக்குகிற அங்கப்பன் அதற்குள் காய்ச்சலில் படுத்து, இரண்டொரு நாளில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதை வெயில் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். சட்டப்படி நான் உடனே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தால் மண்டியைப் பூட்டுவார்கள், எலியையும் கொண்டுபோய்விடுவார்கள். எனவே அவற்றை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன், ஒன்றைத் தவிர.

அதை மூடி போட்ட தகர டப்பாவில் வைத்தேன், உடம்பு ஆறுவதற்குள். முகூர்த்தச் சேலை எடுக்க அன்று நங்கையாவும் பெண்ணும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். வண்டி நான் கொடுத்ததுதான். பெண் படுக்கிற அறைக்கு மேலே பரண் உண்டு. பழைய பாய்களும் உடைந்த உரியும் கிடக்கும். டப்பாவைத் திறந்து எலியை மட்டும் பாய்களுக்குப் பின்னால் போட்டேன். போன தடவை வாசலில் போட்டதால் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டால் டப்பாவில் எடுத்துப் போய்விடுவார்கள் என்று கற்றுக்கொண்டிருந்தேன்.

நான் இறங்கிக் கைகால் கழுவி உட்கார்ந்திருந்தபோது வண்டி வந்தது. மாரியாத்தாள் சேலையை மடியில் விரித்துக் காட்டினாள்.

"சித்தப்பா, இந்த அரக்குக் கலரு நல்லாருக்குங்களா? அம்மா பச்சைதான் வேணும்னாங்க."

"உனக்கு இதுதான் கண்ணு எடுப்பா இருக்கும்" என்றேன். அதுவும் உண்மை. நல்ல நிறம்.

அன்றே மண்டியை, மருந்தடிக்காமலே, ஒரு சாக்குச் சொல்லிப் பூட்டிவிட்டுத் தோட்டத்துச் சாளைக்குக் குடிபோனேன். கிணற்றடியில் தனியாக இருக்கும் சின்னக் குடிசை அது. நன்றாகத் தூக்கம் வந்தது.

காய்ச்சல் பெண்ணுக்குத்தான் வந்தது. அக்குளில் நெறி கட்டியது. நங்கையா ஆளனுப்பினார்கள். நான் வாசலோடு நின்று பார்த்துவிட்டு, நேராக முனிசிபாலிட்டிக்குப் போய்த் தெரிவித்தேன். அந்தத் தெருவில் முதலில் தெரிவித்தவன் நான்தான். அப்துல் மஜீத் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். கொட்டகைக்கு வண்டி ஏற்றும்போது மாரியாத்தாளுக்கு நினைவு சரியாக இல்லை. என்னைப் பார்த்து, "சித்தப்பா, தண்ணி குடுங்க" என்றாள். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தலையைத் தன் மடியில் வைத்துப் புகட்டினாள். வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். அவள் கேட்கவில்லை. பெண்ணோடேயே கொட்டகைக்கும் போனாள். பெண் இறந்த மூன்றாம் நாள் அவளும் இறந்தாள். அது என் யோசனையில் சேர்ந்ததில்லை. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம்.

ஓட்டைப் பிரித்தபோது பரணில் ஒன்றல்ல, கூடை நிறைய எலி கிடந்ததாம். பாய், துணி எல்லாவற்றையும் வாசலில் போட்டு எரித்தார்கள். சேலையும் அதில் போனது. நங்கையாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் என் கணக்கு சரியாகவே போய்க்கொண்டிருப்பதாக நினைத்தேன். பெற்ற பெண் படுத்த வீட்டில் எந்தத் தாய் இருப்பாள்?

அங்கேதான் நான் தவறினேன், அய்யா. மாரியாத்தாள் போனபின் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, எல்லாரும் ஊசியும் போட்டுக்கொண்டார்கள். அதுதான் காரணம். ஆனால் தெருப் பெண்கள் வேறு மாதிரி பேசினார்கள். கல்யாணமாகாத பெண், மஞ்சள் குளிக்கப்போகிற நேரத்தில் ஊர் நோயையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். நங்கையா கொட்டகையிலிருந்து நேராக அந்த அறைக்கே திரும்பி வந்தார்கள். அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு விளக்கேற்றினார்கள். ஆடி மாதம் பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் கூழ் கொண்டுவந்தார்கள். பீடம் கட்டச் செங்கல் எடுத்துக் கொடுத்தவன் என் மூத்த மகன். மில் யாருக்காக என்று நினைத்தேனோ, அவனே கட்டினான். ப்ளேக்கில் பிழைத்த ஒருவர் அரக்குச் சேலை சாத்தினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மனுஷி இருக்கிற வீட்டைக் காலி செய்ய வழி உண்டு. சாமி இருக்கிற வீட்டுக்கு என்ன வழி? கல்லை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கலாம் என்று பூசாரியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாதக்கணக்காக யோசித்தேன். சாமியை எப்படி வெளியேற்றுவது என்றே யோசித்துக்கொண்டிருந்ததுதான் பிசகு. அவள் சாமி இல்லை என்று தெரிந்துவிட்டால் போதுமே. அவள் நோயை வாங்கிக்கொள்ளவில்லை. நான் கொடுத்தேன். பரண்மேல் வைத்து, ஊசி போடவிடாமல் செய்து, கொடுத்தேன். இது தெருவுக்குத் தெரிந்தால் அந்தக் கல் வெறும் கல். அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே உங்களிடம் வந்தேன். மற்றபடி என்மேல் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

தூக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். எனக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் வாசிப்பதோடு நிறுத்தாமல், எங்கள் தெருவிலும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நங்கையா இருக்கும்போது. அழுவார்கள். அழுதபின் அந்த வீட்டில் இருக்க மாட்டார்கள்.

என்ன கேட்டீர்கள்? வீட்டைக் கொடுங்கள் என்று நங்கையாவிடம் ஒரு தடவையாவது கேட்டேனா?

இல்லை. கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் உடலை எடுத்த அன்று, கொட்டகை வாசலில் நங்கையா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "கல்யாணம் முடிஞ்சதீம் அவகூடவே சோமனூருக்குப் போயிரலாம்னு இருந்தனுங்க கொழுந்தனாரே. மாப்பிள்ளைக்கும் தாயில்லீங்களே. ஊட்டை உங்க பசங்களுக்கே எழுதிக் குடுத்துப்போட்டுப் போலாம்னு நெனச்சுருந்தனுங்க. இனி நா எங்கீங்க போவேன்? எம்புள்ளை இங்கதானுங்க இருக்கறா."

அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அய்யா. நங்கையா அதை முன்னாலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மனதில் இருப்பதை நேராகச் சொல்லத் தெரியாதவர்களால்தான் இத்தனை பேருக்குக் கஷ்டம்.