நாலு பேருக்கு ஏழு அட்டை

அன்று காலை நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். என் மனைவி இராசமலர் சாப்பிடவில்லை. அவளுக்கு அன்று ஒப்பரேசன். வெறுவயிற்றோடு இருக்க வேண்டும். குழம்பை ருசி பார்க்காமலே இறக்கி வைத்தாள். உப்பு அளவாக இருந்தது. 1995 ஒக்ரோபர் 24, செவ்வாய்க்கிழமை.

இதை எழுதக் களைப்பாக இருக்கிறது. ஆனாலும் நடந்த ஒழுங்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அரியாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொம்பவுண்டராக இருந்தேன். மருத்துவமனை என்றாலும் அது கொழும்புக்குப் போன ஒருவரின் வீடுதான். செவ்வாய்க்கிழமைகளில் சண்முகநாதன் டொக்டர் சைக்கிளில் வந்து சத்திரசிகிச்சை செய்வார். மின்சாரம் இல்லாத வருடங்கள். மேசைக்கு மேலிருந்த விளக்கு மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை நம்பி எரிந்தது. கிடைக்கிற எண்ணெய்க்கு ஒரு நாளில் நாலு பேரைத்தான் செய்யலாம். அந்த நாலு பேருக்கும் அட்டை கொடுப்பது என் வேலை. சவர்க்காரப் பெட்டிகளை வெட்டி நானே அட்டை செய்தேன்.

முதல் மாதங்களில் நாலே அட்டைதான் கொடுத்தேன். ஆனால் ஷெல் அடித்தால், ஹெலி சுற்றினால், தூரத்து ஆட்கள் வரமாட்டார்கள். ஒரு செவ்வாய் ஒரேயொருவர்தான் வந்தார். டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"மார்க்கண்டு, வெறும் மேசையை வெட்டவோ நான் ஏழு மைல் சைக்கிள் உழக்கி வந்தனான்?"

நியாயமான கேள்வி. அடுத்த கிழமையிலிருந்து ஆறு அட்டை கொடுத்தேன். அட்டையில் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். இலக்கம் போடுவதில்லை, போட்டால் கேள்வி வரும்.

அநேகமாக மூன்று, நாலு பேர்தான் வந்தார்கள். ஐந்தோ ஆறோ வந்துவிட்ட நாட்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். உள்ளே விடுவதற்கு முன் இரத்த அழுத்தம் பார்ப்பது நான். பட்டியைக் கையில் சுற்றி, காற்றடித்து, இறக்கிவிட்டு, "பிறசர் கூட இருக்கு. இண்டைக்கு வெட்டினால் ஆபத்து. அடுத்த செவ்வாய் வாங்கோ" என்பேன். இடமில்லை என்றால் சண்டை பிடிப்பார்கள். பிறசர் என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

யாரை அனுப்புவது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. கூட வந்த ஆளைத்தான் பார்ப்பேன். உரத்துக் கதைக்கிறவர்களோடு வந்தவர்கள் உள்ளே போனார்கள். தனியே வந்தவர்களும், எதற்கும் "ஓம் ஐயா" என்றவர்களும் திரும்பிப் போனார்கள். நாலு வருடத்தில் நூறு பேருக்குக் கிட்ட இருக்கும். பலர் மறு செவ்வாய் வந்தார்கள். வராதவர்கள் சுகமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது இதை இராசமலரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பாவம், அதுகள் வீட்டை போய் உப்பில்லாமல் எல்லே தின்னப் போகுதுகள்" என்றாள்.

பிறகு அவளுக்கே தொப்புளடியில் குடலிறக்கம் கண்டது. பாரம் தூக்கக்கூடாது, குடல் இறுகினால் சில மணித்தியாலம்தான், கெதியாகச் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நான் சலுகை காட்டவில்லை. ஆறு கிழமை பட்டியலில் வைத்து, அவளுடைய முறை வந்தபோதுதான் அட்டை கொடுத்தேன்.

அந்தக் கிழமை அவளோடு சேர்த்து ஏழு அட்டை கொடுத்திருந்தேன். மூன்று பேர் புத்தூர் ஆட்கள். புத்தூர்ப் பக்கம் கடும் சண்டை. அவர்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒன்றை யோசிக்கவில்லை. சண்டைக்குப் பயந்து அவர்கள் முன்னமே எழும்பி வந்து அரியாலைப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். எந்தக் காலத்திலும் அவர்கள் எங்களுக்கு அவ்வளவு கிட்ட இருந்ததில்லை. எட்டு மணிக்கு முன்பே ஏழு பேரும் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

புத்தூர் ஆட்களில் இருவரை முதலில் அனுப்பினேன். தங்கமுத்து என்ற மனுசி, "பள்ளிக்கூடத்திலை நித்திரை இல்லை ஐயா, அதுதான் கூடிப்போச்சு போலை" என்று காரணத்தையும் தானே சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் ஒருவரை அனுப்ப வேண்டும். பாசையூர்ச் செபஸ்தியம்மாவின் கையில் பட்டியைச் சுற்றி, "பிறசர் கூட இருக்கு" என்றேன். பக்கத்தில் ஆளில்லாமல் கிழவி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் லியோன் வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அம்மாவுக்கும் பிறசரோ?" என்றான். "மூண்டு பேரைப் பாத்து மூண்டு பேருக்கும் பிறசரெண்டால், பிறசர் உங்கடை மெசினுக்குத்தான் ஐயா. டொக்டரைக் கூப்பிடுங்கோ, அவர் அளக்கட்டும்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டொக்டர் ஒருமுறை அளந்திருந்தால் நாலு வருடமும் வெளியே வந்திருக்கும்.

"பொறும் தம்பி, திருப்பிப் பாக்கிறன்" என்றேன். திருப்பிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கிழவியை உள்ளே விட்டேன்.

மிச்சம் இருந்தவர்களில் எல்லோருடனும் ஆட்கள் வந்திருந்தார்கள். இராசமலருடன் வந்தவன் நான்தான்.

அவள் கையில் பட்டியைச் சுற்றினேன். நூற்றிருபது, எண்பது. "நூற்றெழுபது" என்றேன், லியோனுக்கும் கேட்கும்படி.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், எனக்கும் காலமை தலை சுத்தினதுதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்க. பிறகு மெதுவாக, "அப்ப உப்பைக் குறைக்கிறன்" என்றாள். அடுத்த செவ்வாய்க்கான அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனாள்.

அடுத்த செவ்வாய்க்கு முதல் நாள், இராணுவம் கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மழை. சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டி உருட்டினேன். நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சைக்கிள் சேற்றில் சரிந்தது. நான் சைக்கிளைப் பிடிக்க, அவள் மூட்டையைத் தூக்கினாள். விடியும்போது அவளுக்குக் குடல் இறுகிவிட்டது. முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல் சனம் நின்றது. அதற்குள் எங்கோ டொக்டரும் நின்றிருப்பார். பின்னேரம் மூன்று மணிக்குக் கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அவள் இறந்தாள். அட்டை அவளுடைய சட்டைக்குள் இருந்தது. நனைந்திருந்தாலும் அன்றைய தேதியை வாசிக்க முடிந்தது.

கொம்பவுண்டரின் பெண்சாதி உள்ளே போக, வயதான ஒருத்தி வெளியே இருப்பது முறையல்ல என்றுதான் அப்படிச் செய்தேன். டொக்டர் இன்றுவரை பிறசர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவளைத் திருப்பி அனுப்பியது நான் என்பதை இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறேன். எனக்கு ஒரு ஆறுதல் உண்டு: இராசமலர் என்னை நம்பித்தான் போனாள். நான் சொன்ன எதையும் அவள் சந்தேகித்ததில்லை.

அந்தச் செவ்வாயிலிருந்து திங்கள்வரை அவள்தான் சமைத்தாள். ஒரு கறியிலும் உப்புக் குறையவில்லை.