இருபத்தைந்து நிமிட வீண் நேரம்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அன்றைய நாள் நன்றாகவே போகும் என்று நினைக்கிற ஆள் நான். கண்டியிலிருந்து கெலிஓயாவுக்குப் போய்வந்த பதினாறு வாரங்களில் பெரும்பாலும் எனக்கு ஜன்னலோரம்தான் கிடைத்தது. விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது வேண்டாத தகவலாகத் தெரியலாம். எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ருஷ்தா. கட்டுமான முகாமைத்துவத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். ஆய்வின் கேள்வி எளிமையானது. தினமும் வேலை தொடங்குமுன் தொழிலாளர்களிடம் பத்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் விபத்து குறையுமா? இதை அறிய, ஒரே கம்பனி கட்டிக்கொண்டிருந்த இரண்டு கட்டடங்களை எடுத்துக்கொண்டேன். பிலிமத்தலாவையில் நான் பயிற்சி கொடுத்த ஒருவர் காலையில் பேசுவார். கெலிஓயாவில் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அப்படி ஓர் இடம் வேண்டும். அங்கே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து நடப்பதை எழுதிக்கொள்வேன். தலையிடக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. அதை நான் மிகவும் மதிக்கிறவள்.

பன்னிரண்டாவது வாரம் வரை இரண்டு இடத்திலும் ஒரு விபத்தும் இல்லை. கேட்பவர்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கோ நான்கு வருட உழைப்பு மண்ணாய்ப் போகிற செய்தி. வித்தியாசம் இல்லையென்றால் முடிவு இல்லை, முடிவு இல்லையென்றால் பட்டமும் இல்லை. என் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னும் ஆறு கிழமை இருக்குத்தானே, பாப்பம்" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

யாரால் இப்படி ஆனது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கெலிஓயாவில் வேலையாட்களை நடத்தியவர் ராஜரத்தினம். ஐம்பத்தெட்டு வயது, எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மலைச்சரிவை வெட்டிய இடத்தில் அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வெட்டிய மண்மேட்டின் அடியில் அத்திவாரக் குழி. பாஸ் தினமும் காலையில் ஓர் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு மேட்டின் விளிம்பு நெடுக நடப்பார். அங்கங்கே குத்திப் பார்ப்பார், குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார். அவர் கீழே வந்து சரி என்று சொல்லும்வரை ஒருத்தரும் குழிக்குள் கால் வைக்க மாட்டார்கள். மழை பெய்த மறுநாள் சில நேரம் மத்தியானம் வரைக்கும் இறங்க விடமாட்டார்.

"என்ன பாஸ், இவ்வளவு நேரம் எடுக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழ குடிச்ச மண்ண நம்ப முடியாதுங்க மிஸ். பாத்துட்டு எறங்குனா எல்லாரும் பொழுதோட வீட்டுக்குப் போய்ச் சேரலாம்" என்றார். பிறகு எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்தார். நல்ல மனுஷன். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. ஆனால் அவர் செய்தது பாதுகாப்பு வேலை. அது நடக்கக் கூடாத இடத்தில் தினமும் நடந்துகொண்டிருந்தது.

வேலை நேரம் எப்படிச் செலவாகிறது என்று எழுதித் தரும்படி திட்ட முகாமையாளர் லாபிர் முன்பே என்னிடம் கேட்டிருந்தார். பதின்மூன்றாவது வாரம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. பாஸ் நடக்கிற இருபத்தைந்து நிமிடம், அந்த நேரம் பதினாறு பேர் கைகட்டி நிற்பது, மழைக்குப் பிறகு போன மணித்தியாலங்கள் எல்லாவற்றையும் 'வீண் நேரம்' என்ற தலைப்பில் போட்டேன். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் போடுவார்கள். லாபிரின் வேலையோ ஏற்கெனவே ஒரு மாதம் பின்தங்கியிருந்தது.

"கண்ணத் தொறந்துட்டீங்க தங்கச்சி" என்றார். அடுத்த திங்கட்கிழமை பாஸைப் பல்லேகலவில் ஒரு களஞ்சியம் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். பதிலுக்கு வந்த இளம் மேற்பார்வையாளர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். வேலை ஏழரைக்கே தொடங்கிவிடும்.

பதினான்காம் வாரமும் பதினைந்தாம் வாரமும் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

பதினாறாம் வாரம் மூன்று நாள் விடாத மழை. வியாழக்கிழமை காலை வெளுத்தது. நான் ஏழு மணிக்கே போய்விட்டேன். முதல் தடவையாக மேட்டின் மேல் ஏறிப் பார்த்தேன். விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நான்கு மீட்டர் நீளம். என் பேனாவை விட்டுப் பார்த்தேன், முழுதாக உள்ளே போனது. நீளம், அகலம், நேரம் எல்லாம் குறித்துக்கொண்டு இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்தேன்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு மேடு சரிந்தது. கம்பி கட்டுகிற சுதேஷையும் அவருடைய மச்சான் ரவிகுமாரையும் வெளியே எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. இருவருக்கும் உயிர் இல்லை. சுதேஷின் மனைவி வந்து நின்றதை நான் பார்த்தேன். அன்று பின்னேரம் அட்டவணையில் கெலிஓயா என்ற இடத்துக்கு எதிரே இரண்டு என்று எழுதினேன். வித்தியாசம் வந்துவிட்டது. என் ஆய்வு வெளியானால் காலைப் பேச்சு இல்லாத கட்டட வேலையே இந்த நாட்டில் இருக்காது. அதனால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அறிக்கையில் ஒரு திருத்தம் வேண்டும். வெடிப்பைப் பற்றி நான் சொல்லத் தவறினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்துபோன மாதிரி இருக்கிறது அது. இரண்டு வருடம் மாணவர்களுக்குச் சரிவுகளைப் பற்றிப் பாடம் எடுத்தவள் நான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

மறைக்காமல் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அன்று காலை அவர்கள் குழிக்குள் உடனே இறங்கவில்லை. பாஸ் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் மழைக்குப் பிறகு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் விட்டுப்போகவில்லை. குழியோரம் தயங்கி நின்ற சுதேஷ் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், நீங்க மேல போய்ப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? எறங்கலாமா?"

"இறங்குங்க" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதைப் போய்த் தலையீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.