முழுக்கைச் சட்டை

இந்த ஊர் வெயிலுக்கு அரைக்கைச் சட்டைதான் சௌகரியம், மேடம். முப்பது வருஷமாக நான் வேறு போட்டதில்லை. அதற்கு வேறு காரணம் கிடையாது.

என்னைச் செங்கல்பட்டில் 'ஸ்னூக்கர் சிங்கம்' சுப்பிரமணி என்பார்கள். பட்டத்தை நானே அச்சடித்துக்கொண்டேன் என்பது பொறாமைக்காரர்கள் பேச்சு. தொண்ணூற்று மூன்றில் மாமல்லபுரத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசிக் கறுப்புப் பந்தைப் போட்டு மோசஸை வென்றேன். என் சட்டைக் கை வெள்ளைப் பந்தில் உரசியது, அது ஃபவுல் என்று மோசஸ் சொன்னான். நடுவர் பார்க்கவில்லை. ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. அதன்பிறகு அவன் குச்சியைத் தொடவேயில்லை. போன வருஷம் செத்துப்போனான். மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

அவன் மகள் ஜாக்குலின், பழைய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைத் தேடி யூடியூபில் போடுகிறவள். இந்த ஞாயிற்றுக்கிழமை புது ஸ்னூக்கர் அரங்கத்துக்கு என் பெயரை வைப்பதாக இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் வந்தாள்.

"அப்பா ஆடி நான் பாத்ததே இல்ல அங்கிள். ஒரு தபா பாத்துட்டா போதும்."

"இன்னாத்துக்கும்மா அந்தப் பழைய குப்பை?"

"அவரு பொய் சொல்லலைன்னு அம்மாவுக்குக் காட்டணும்" என்றாள். பிறகு டீயை ஆற்றியபடி, "அன்னிக்கு நீங்க முழுக்கைச் சட்டையா அங்கிள்?" என்று கேட்டாள்.

என் வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பற்றிக் கேட்கிறாள். உங்களுக்குச் சந்தேகம் வராதா, மேடம்?

அன்று படம் பிடித்தவன் ஜெபசிங். நெம்மேலியில் கடற்கரையோரம் அவன் மூடிப்போட்ட வீடியோ கடை இருக்கிறது. நானே அவளைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிச் சாவி வாங்கினேன்.

"ஷட்டருக்குக் கல்லு குடுத்துக்கோ மச்சான்" என்றான். "உப்புக் காத்துல துரு புடிச்சிகீது. வுழுந்துச்சின்னா உள்ளருந்து தூக்க முடியாது, பேஜாரு."

இங்கே கடற்கரைக் கடைகளில் ஷட்டர் இறங்காமலிருக்க எல்லோரும் அப்படித்தான் அடியில் கல் வைப்பார்கள். நானும் வைத்தேன்.

மத்தியானத்துக்குள் கேசட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பூஞ்சையைத் துப்பட்டாவால் துடைத்தாள். "இத்தப் புடிங்க அங்கிள், இன்னும் கீதான்னு பாக்குறேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே குனிந்தாள். நம்பிக்கையான பெண்.

கேமரா எப்போதும் உண்மையைக் காட்டாது, மேடம். ஒரு கோணம் தப்பினால் உரசாத கையும் உரசியதாகத் தெரியும். ஊருக்கு அதை யார் புரியவைப்பது? வெளியே வந்து கல்லை நகர்த்தினேன், ஷட்டர் இறங்கியது.

"அங்கிள், கல்லு நவுந்துடுச்சி பாருங்க" என்றாள் உள்ளேயிருந்து. கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினாள்.

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் சந்து உண்டு. வாசலில் கிடந்த டேப் நாடாவைப் பற்றவைத்து அதில் தள்ளினேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்ற கேசட்டுகள் தாமாகவே பிடித்துக்கொண்டன. பக்கத்தில் சவுக்குத் தோப்பு மட்டும்தான், யாருக்கும் தொந்தரவில்லை.

இந்த ஒரு கேசட்டை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் வெற்றி ஆயிற்றே. அதைத்தான் என் கார் டிக்கியில் எடுத்தீர்கள்.

இப்போது நாம் சேர்ந்து பார்த்தோம். மோசஸ் அழகாகத்தான் ஆடுகிறான். கறுப்புப் பந்துக்கு நான் குனிகிறேன், படம் நடுங்குகிறது, உடனே ரோஜா மாலையோடு மேடையில் நிற்கிறேன். அது மறு வாரம் நடந்த என் பாராட்டு விழா. என் பெருமையெல்லாம் ஒரே கேசட்டில் இருக்கட்டும் என்று ஜெபசிங்கிடம் நான்தான் சொன்னேன். கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்த அடி அழிய அதன் மேலேயே விழாவைப் பிடித்துவிட்டான் போலிருக்கிறது.

ஆக, அவள் இதைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

கல்லை எழுதிக்கொள்ளுங்கள், நெருப்பையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஃபவுல் என்று மட்டும் எங்கேயும் வரக்கூடாது, மேடம். அதற்குச் சாட்சியில்லை.