ஊதா வரக் கூடாது

— கையை எடு தம்பி. அந்தக் குழாய் கவிழ்ந்துச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

— தொடலைக்கா. கிட்டப் போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான். இதுல எது என் பொண்ணோட ரத்தம்? எல்லாம் மஞ்சத் தண்ணி மாதிரி இருக்கு.

— மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்தது. நமக்கு வேண்டியது அதுலதான் இருக்கு. ரெண்டாவது அவளோடது. முதல்ல இருக்கிறது என்னோடது. சரியா இருக்கிற ஆளோடது ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் ஒப்பிட முடியும்.

— நீ சரியா இருக்கிற ஆளுன்னு யாரு சொன்னது?

— அஞ்சு நாளா தூக்கம் இல்ல, வாய் மட்டும் ஓயலை உனக்கு.

— வாயை மூடினா அழுகை வந்துடும்க்கா. நாலு மாசக் குழந்தை, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. எந்த மருந்துக்கும் நிக்கலை. ஆஸ்பத்திரியில என் பொண்டாட்டி தனியா உட்கார்ந்திருக்கா. காலையில டாக்டர் என்னை ஓரமாக் கூப்பிட்டு, மனசைத் தேத்திக்கோங்கன்னுட்டார்.

— அதனாலதான் ரத்தம் எடுத்துட்டு வரச் சொன்னேன். கண்ணைச் சுத்தியும் வாயைச் சுத்தியும் புண்ணு, முடி கொட்டுது, வலிப்பு. மூணும் சேர்ந்து வந்தா எனக்கு ஒரு சந்தேகம். பயோட்டின்னு ஒரு விட்டமின், பி வகை. பால்லயும் சாப்பாட்டுலயும் அது புரதத்தோட ஒட்டிக்கிட்டு வரும். வெட்டி எடுத்துக் குடுக்க உடம்புல ஒரு நொதி வேணும். அந்த நொதி இல்லாமப் பிறந்த குழந்தைன்னா, விட்டமினைத் தனியா தினம் குடுத்தாப் போதும். வலிப்பு நின்னுடும்.

— அந்தச் சோதனைதான் போன வாரமே பண்ணிட்டாங்களே. எல்லாம் சரியா இருக்குன்னு வெளி லேப்லேர்ந்து ரிப்போர்ட் வந்துச்சு. டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேங்கிறார். அவர் எழுதித் தராம அந்த வார்டுல குழந்தை வாய்க்கு ஒரு சொட்டு போகாது.

— தெரியும். ஆனா என் கண்ணால பார்க்காம என்னால நம்ப முடியலை. ஒரு துண்டோட ஒட்டின விட்டமினைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறிடுச்சு, இப்போ இந்தக் கடைசி மருந்தை ஊத்தறேன். நொதி இருந்தா அதை வெட்டியிருக்கும், ஊதா நிறம் வரும். இல்லேன்னா வெளிறிப்போய் அப்படியே கிடக்கும்.

— அப்போ ஊதா வரக் கூடாது.

— வரவே கூடாது. பத்து நிமிஷம் ஆகும், உட்காரு.

— உட்கார முடியலைக்கா. ஏதாவது பேசு. பத்து வருஷமா இந்த லேப்ல என்னதான் பண்றே நீ?

— இதே நொதிதான். ஆனா உயிரணுவுக்குள்ள. நீ கேபிள் இழுக்கிறவன், உனக்குப் புரியும். ஒரே ஒரு உயிரணுவுல இருக்கிற டிஎன்ஏ இழையை எல்லாம் நீட்டிப் பிடிச்சா எவ்வளவு வரும் தெரியுமா? ரெண்டு மீட்டர். உன் உயரத்தைவிட ஜாஸ்தி.

— கண்ணுக்கே தெரியாத உயிரணுக்குள்ளயா? சும்மா கதை விடாதேக்கா.

— நிஜமாடா.

— அரை கிலோமீட்டர் கேபிளைச் சுத்த எனக்கு ஆள் உயர உருளை வேணும். கொஞ்சம் அசந்தாலும் சிக்கு விழுந்துடும். இதை யாரு சுத்தறா?

— அதுக்கும் உருளை இருக்கு. புரதத்தால ஆனது, ஹிஸ்டோன்னு பேரு. இழை ஒவ்வொரு உருளையிலயும் ரெண்டு சுத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாச் சுத்திக்கிட்டு அடுத்ததுக்குப் போகும். ஒரு உயிரணுவுல மட்டும் கோடிக்கணக்குல உருளை.

— என் பொண்ணுக்குள்ளயுமா?

— அவ சுண்டு விரல் நுனியில இருக்கிற உயிரணுவை எண்ணி முடிக்கவே நம்ம ஆயுசு பத்தாது. ஒவ்வொண்ணுலயும் அத்தனை உருளை. அவ துடிக்கிறப்பவும் அது பாட்டுக்குப் பிரியும், சுத்தும்.

— உடம்பெல்லாம் சிலிர்க்குதுக்கா. கையில தூக்கி வெச்சிருந்தேன், அஞ்சு கிலோ சொச்சம்னு நெனச்சேன். உள்ள இவ்வளவு இருக்குன்னு தெரியாது.

— இன்னும் கேளு. எந்தக் கேபிள் எங்க போகணும்னு நீ உருளை மேல சீட்டு ஒட்டுவே இல்ல? இங்கயும் உருளை மேல சின்னச் சின்ன ஒட்டு இருக்கும். எதைப் பிரிச்சுப் படிக்கணும், எதை மூடி வெக்கணும்னு. இந்த விட்டமினைக் கொண்டுபோய் அந்த உருளை மேலயே ஒட்டறதுக்கும் இந்த நொதியால முடியும். சோதனைக் குழாயில பார்த்திருக்காங்க.

— வெட்டற கையே ஒட்டவும் செய்யுதா?

— அதான். உடம்புக்குள்ள அப்படி நடக்குதான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. நடக்குதுன்னு சில பேர், நீங்க பார்த்தது வேற எதுவோன்னு சில பேர். பத்து வருஷம் ஆச்சு, எனக்கே தெரியலை. ஆனா தினம் இந்தக் கதவைத் திறக்கிறப்போ செருப்பைக் கழட்டிட்டு வரலாமான்னு தோணும்.

— அக்கா. நிறம் வருது.

— என்னோடதுல வரும்டா.

— ரெண்டுலயும் வருதுக்கா. நீயே பாரு.

— ஊதாதான்.

— அப்போ ரிப்போர்ட் சரி. நொதி இருக்கு. வேற வழி இல்ல, அதானே?

— தம்பி, இங்க பாரு.

— விடுக்கா. நீயாவது ஒரு தடவை பார்த்தியே, அது போதும். பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லப்போறேன்னுதான் தெரியலை.

— முகத்தைக் கழுவிட்டுப் போ. அந்த ஓரத்துல தண்ணிக் குழாய் இருக்கு.

— கழுவறேன். அது என்னக்கா, ஸ்டாண்டுல கடைசியா மூணாவதா ஒண்ணு?

— அதுவும் உன் பொண்ணோடதுதான். வெட்டறதுக்கான விட்டமினை மட்டும் அதுல போடலை. எந்தச் சோதனைக்கும் அப்படி ஒண்ணு வெச்சாத்தான் எனக்கு நிம்மதி. வெட்டிவேலைன்னு இங்க கிண்டல் பண்ணுவாங்க.

— வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லேன்னா நிறம் வரக் கூடாதே.

— வராது.

— அப்புறம் அது ஏன் ஊதாவா இருக்கு?

— நகரு, வெளிச்சத்தை மறைக்காதே. தம்பி, குழந்தைக்கு வலிப்பு மருந்து தவிர வேற என்ன குடுக்கறாங்க?

— காதுல சீழ் வருதுன்னு ஒரு சிரப். சல்ஃபா என்னமோ. மூணு வாரமாப் போகுது.

— அந்த வெளி லேப் சோதனைக்கு முன்னாடியேவா?

— முன்னாடியேதான். ஏன்க்கா கேக்கறே?

— நான் ஊத்தின மருந்து, நொதி வெட்டிப் போடற துண்டைப் பிடிச்சுத்தான் ஊதா ஆகும். சல்ஃபா அந்தத் துண்டுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி. நான் ஊத்தினதுக்கு வித்தியாசம் தெரியாது, ரத்தத்துல இருக்கிற சல்ஃபாவையும் பிடிச்சு ஊதா ஆயிடும். இரு, ரெண்டையும் மிஷின்ல வெச்சு அளந்துடறேன்.

— என்ன காட்டுது?

— ரெண்டாவது குழாய் நாற்பத்தொண்ணு. விட்டமின் போடாதது... அதுவும் நாற்பத்தொண்ணு.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என் பொண்ணுக்கு அந்த நொதி இருக்கா, இல்லையா?

— ரெண்டும் ஒண்ணுன்னா அந்த ஊதா முழுக்க சல்ஃபாவோடது, நொதி துளிகூட இல்லடா தம்பி. இவ்வளவு நல்ல சேதியை என் ஆயுசுல நான் யாருக்கும் சொன்னதில்ல.