‘ஸ்டேண்ட் டவுன்’ சொல்லிக் கரை சேர்த்தவருக்கு

அலையறிந்த அண்ணலே! காற்றின் கள்ளத்தனம் கண்டவரே! பொல்வெல்லன் மீட்புப் படகுத் துறையின் கரைப் பொறுப்பாளர் டென்சில் ட்ரெகியர் அவர்களே!

காவல் நிற்கும் படைவீரரை விடுவிப்பதும் ‘ஸ்டேண்ட் டவுன்’ என்னும் சொல்லே. கூண்டேறிய சாட்சியை இறக்குவதும் அதுவே. அமைச்சர் பதவி விலகினால் செய்தித்தாள் போடுவதும் அதுவே. எங்கள் கொட்டகையிலோ, நனைந்த மழைக்கோட்டைக் கழற்றலாம், தேநீர் குடிக்கலாம், வீடு போகலாம் என்று பொருள். தங்கள் வாயிலிருந்து அது வராமல் எவரும் ஒரு பொத்தானையும் தொட்டதில்லை. காணாமற்போன குழந்தை ஐஸ்கிரீம் கடையில் அகப்பட்ட அன்று தாங்கள் அதை முழங்கிய முழக்கத்தில், பாறையில் படுத்திருந்த கடல்நாய்களும் எழுந்து வீட்டுக்குப் போயின. கண்டவர்கள் தங்கள் பணி ஓய்வுக்காகக் கூடிய இந்த அவையில் இருக்கிறார்கள்.

பெட்ராக் ஹோஸ்கிங் தன் மீன்பிடிப் படகோடு மறைந்த அந்த ஜனவரி மாதத்தையும் சொல்லாமல் இம்மடல் முடியாது. மூன்றாம் நாள் மாலை, டீசல் நிரப்பிக்கொண்டு மீண்டும் தேடப் புறப்படத் தயாராய் நின்றோம். அவர் மனைவி மோர்வென்னா படகு இறங்கும் சரிவுமேடையில் தங்கள் மழைக்கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் ஒரே ஒரு தடவ அனுப்பு டென்சில்.”

“காத்து திரும்பிருச்சு மோர்வென்னா. இப்பப் போனா இந்த ஏழு பேரும் வரமாட்டாங்க.”

“அப்போ என் வீட்டுக்காரர் மட்டும் வராம இருக்கட்டுங்கிறியா?”

தாங்கள் எங்கள் பக்கம் திரும்பி அச்சொல்லைச் சொன்னீர்கள். அன்றிரவு கடல் துறைமுகச் சுவரையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. நாங்கள் எழுவரும் மறுநாள் காலையில் முட்டையும் ரொட்டியும் தின்றோம். பெட்ராக்கின் ஒரு பூட்ஸ்கூடக் கரை ஒதுங்கவில்லை.

அதன்பின் மோர்வென்னா தங்களோடு பேசியதில்லை. தாங்கள் அந்தக் கோட்டை ஆணியில் மாட்டியதில்லை. ஊரில் நடந்த ஆகஸ்ட் மாதத் திருமணத்துக்கும் அதிலேயே வந்தீர்கள். மழை வருமோ என்று மணமகள் இருமுறை வெளியே போய்ப் பார்த்தாள்.

ஓய்வு பெறுபவருக்குத் தோழர் ஒருவர் அச்சொல்லைச் சொல்லிக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டுவது நம் கொட்டகை வழக்கம். தங்களுக்கு யார் சொல்வது? சீட்டுக் குலுக்கினோம்; பெயர் வந்தவருக்கெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் குங்குமப்பூ ரொட்டியோடு மோர்வென்னா வீட்டுக் கதவைத் தட்டினோம்.

“அவனுக்கு நான் சொல்லணுமா? சரி. எனக்கு யாரு சொல்லுவா?”

நாங்கள் ரொட்டியோடு வாசற்படியிலேயே நின்றோம்.

“நிக்காதீங்கப்பா, குளிருது. ரொட்டிய வெச்சுட்டுப் போங்க.”

மறுநாள் கழுவிய தட்டைத் தானே கொண்டுவந்தார். “கதவோரமா ஒரு நாற்காலி போடுங்க. வந்தாலும் கைதட்ட மாட்டேன்” என்றார்.

போட்டிருக்கிறோம் ஐயா. அவர் எழுந்து வந்து அச்சொல்லைச் சொன்னால் கோட்டைக் கொடுத்துவிடுங்கள். எழவில்லையென்றால், தோளில் போட்டபடியே எங்களோடு தேநீர் குடிக்க வாருங்கள். எதுவாயினும் நோயின்றி நெடுநாள் இருங்கள். தாங்கள் இருக்கும்வரை, அன்று தாங்கள் மீட்டுத் தந்த எங்கள் ஆயுளுக்குக் கணக்குக் கேட்க ஓர் ஆள் உண்டு.

இங்ஙனம்,
அன்று வீடு திரும்பிய எழுவர்,
பொல்வெல்லன் மீட்புப் படகு