கொஞ்சமாகச் சாப்பிடும் போர்டு

சரவணம்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஒரு டிபன் டப்பா. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு எலக்ட்ரானிக் போர்டு.

“இது செத்துப்போச்சுன்னு நேத்து அழுதுபோட்டேனுங்கக்கா,” என்றாள்.

“ஏங் கண்ணு, என்னாச்சு?”

“தோட்டத்து மண்ணுல ஈரம் பார்த்துச் சொல்றதுக்குங்க. முதன்முதலா நானே புரோகிராம் எழுதி, பவர் பேங்க்ல மாட்டினேன். அரை நிமிஷத்துல அணைஞ்சுபோச்சு. நாலு தடவையும் அப்படியே. கருக்கிப்போட்டேன்னு நெனச்சு, படிக்கற எலக்ட்ரானிக்ஸ் கோர்ஸை விட்டு நின்னுக்கறேன்னு லெட்டரே எழுதி வெச்சிருந்தேனுங்க.”

“அப்புறம்?”

“போர்டு நல்லாத்தான் இருக்குதுங்க. இது எடுக்கற கரண்டு ரொம்பக் கம்மி. ஒண்ணுமே மாட்டலைன்னு நெனச்சு பவர் பேங்க்தான் தானா அணைஞ்சிருக்குது. சாதா பேட்டரி ரெண்டு போட்டேன், இன்னும் லைட்டு மினுக்குது பாருங்க.”

“பந்தியில கொஞ்சமா சாப்பிடறவங்க எலையை, முடிச்சுட்டாங்கன்னு எடுத்துப்போட்ட கதையா இருக்குது!” அக்கா சிரித்துவிட்டுக் கேட்டாள்: “அந்த லெட்டரு?”

“பேட்டரி ஆடுச்சுங்க. மடிச்சு அடியில முட்டுக் குடுத்துப்போட்டேன்.”